உயிரணுவின் முதுமையும் உடனிருப்போரின் களைப்பும்

காலை மருந்து கொடுக்கப்பட்டதா, காய்ச்சல் எத்தனை பாகை இருந்தது, அடுத்த இரத்தப் பரிசோதனை எந்நாளில் என்று நோயாளியின் பொருட்டு அனைத்தையும் குறித்து வைக்கும் குடும்பத்தினர் பலரை நாம் அறிவோம். "நேற்றிரவு தாங்கள் எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள்?" என்று அவர்களிடமே வினவினால், பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கும். நோயுற்றவரின் உடலுக்குக் குறிப்பேடு உண்டு. உடனிருப்பவரின் உடலுக்கு அது இல்லை.

ஆயினும், அவ்வுடலிலும் சில தடயங்கள் பதியக்கூடும் என்று அறிவியல் கூறுகிறது. குரோமோசோம்களின் நுனிகளைப் பற்றி எலிசபெத் பிளாக்பர்ன் என்னும் அறிவியலாளரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் மேற்கொண்ட ஆய்வுகள் இதனை ஆராயும் வழியைத் திறந்தன. அவ்வாய்வுகள் கூறுவது என்ன, கூறாதது என்ன, அவற்றிலிருந்து நோயாளிகளும் உடனிருப்போரும் பெறத்தக்க பயன் யாது என்பனவற்றை இவ்விதழில் காண்போம்.

குரோமோசோமும் அதன் நுனியும்

நம் உடல் பல இலட்சம் கோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுள் உட்கரு உடையவை பெரும்பாலானவற்றில் 46 குரோமோசோம்கள் உள்ளன. குரோமோசோம் என்பது டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட இழை சுருண்டு அமைந்த வடிவம். உடலைக் கட்டவும் இயக்கவும் தேவையான குறிப்புகள் யாவும் அவ்விழையில் நான்கே வேதி எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. தோல் புதுப்பிக்கப்படுவதும், புண் ஆறுவதும், புதிய இரத்த அணுக்கள் தோன்றுவதும் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதால் நிகழ்கின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது.

பட்டுப் புடவையின் முந்தானை ஓரத்தில் நூல் பிரிந்துவிடாதிருக்கக் குஞ்சம் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். புடவையின் அழகிய வேலைப்பாடு உள்ளே இருக்கிறது. குஞ்சமோ வெறும் முடிச்சு. ஆனால் அம்முடிச்சு அவிழ்ந்தால் நெசவே பிரியத் தொடங்கும். குரோமோசோமின் இரு நுனிகளிலும் இத்தகைய காப்பு ஒன்று உண்டு. அதற்கு டெலோமியர் என்று பெயர். கிரேக்க மொழியில் "டெலோஸ்" என்பது முடிவையும், "மெரோஸ்" என்பது பகுதியையும் குறிக்கும். 46 குரோமோசோம்களுக்கு 92 நுனிகள். அத்தனையிலும் இக்காப்பு உண்டு.

இப்பெயரை 1938-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஹெர்மன் முல்லர். அவர் பழ ஈக்களையும், அதே காலத்தில் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளச் செடியையும் ஆராய்ந்தனர். உடைந்த குரோமோசோமின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, இயல்பான நுனிகளோ அவ்வாறு ஒட்டுவதில்லை என்பதை இருவரும் உணர்ந்தனர். நுனியில் ஏதோ சிறப்பான அமைப்பு இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அது எத்தகையது என்பதை அறிய மேலும் நாற்பதாண்டுகள் தேவைப்பட்டன.

உயிரணு முடிவின்றிப் பிரியுமா?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் உயிரணுக்களுக்கு மூப்பில்லை என்றே பலரும் கருதினர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த அலெக்சிஸ் கேரல், கோழிக் கருவின் இதயத் திசுவை 1912-இல் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவ்வளர்ப்பு அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து, 1946 வரை பேணப்பட்டது. நோபல் பரிசு பெற்ற அறிஞரின் கூற்றை ஐயுறுவோர் அன்று அரிதாகவே இருந்தனர்.

அவ்வையத்தை எழுப்பியவர் லெனார்ட் ஹேஃப்லிக். பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் அவரும் பால் மூர்ஹெட்டும் மனித உயிரணுக்களை வளர்த்து, 1961-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். இயல்பான மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பெருகியபின் பிரிவதை நிறுத்திக்கொண்டன. அவை உடனே மடியவில்லை. ஆனால் மீண்டும் பிரியவும் இல்லை. உறைநிலையில் வைத்திருந்து பின்னர் எடுத்து வளர்த்தாலும், விட்ட இடத்திலிருந்தே கணக்கைத் தொடர்ந்தன. இவ்வெல்லையே இன்று "ஹேஃப்லிக் வரம்பு" எனப்படுகிறது. கேரலின் முடிவைப் பிறர் எவராலும் மீண்டும் நிறுவ இயலவில்லை.

எனில், உயிரணு தன் கணக்கை எங்கே வைத்திருக்கிறது? இதற்கு 1971-இல் ஒரு விளக்கம் அளித்தவர் மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்சி ஒலொவ்னிக்கொவ். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியால் இழையின் கடைசி முனைவரை முழுமையாகப் படியெடுக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிது குறைந்துகொண்டே வர வேண்டும் என்று அவர் கருதினார். தரையைத் துடைத்துக்கொண்டே செல்பவர் தாம் நின்றிருக்கும் இடத்தை மட்டும் துடைக்க முடியாததைப் போன்றது இது. நுனி ஓர் அளவுக்குக் கீழே குறுகும்போது உயிரணு பிரிவதை நிறுத்திவிடும் என்றும் அவர் கூறினார். அன்று அது கருத்து மட்டுமே. சான்று பின்னர் வந்தது.

குளத்து நீரில் கிடைத்த விடை

எலிசபெத் பிளாக்பர்ன் 1948-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்திலுள்ள ஹோபார்ட் நகரில் பிறந்தவர். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கரின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிக்கும் முறைகள் அங்குதான் உருவாகிக்கொண்டிருந்தன. பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கால் என்பவருடன் பணியாற்றச் சென்றார்.

அங்கு அவர் ஆராய்ந்தது மனித உயிரணுவை அன்று. குளத்து நீரில் வாழும் "டெட்ராஹைமினா" என்னும் ஓரணு உயிரியை. இவ்வுயிரியில் பல்லாயிரம் சிறு குரோமோசோம்கள் உள்ளன. ஆதலால் ஆய்வுக்கு வேண்டிய நுனிகள் ஏராளமாகக் கிடைக்கும். அந்நுனியை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, ஆறு எழுத்துகள் கொண்ட ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருப்பதைக் கண்டார். அம்முடிவு 1978-இல் வெளியாயிற்று. மனிதரிலும் இதனையொத்த ஆறெழுத்துத் தொடரே உள்ளது என்பது 1988-இல் தெரிய வந்தது.

1980-இல் ஓர் அறிவியல் மாநாட்டில் ஜாக் ஷோஸ்டக் அவரைச் சந்தித்தார். ஷோஸ்டக் ஈஸ்ட் எனப்படும் நொதிப்பூஞ்சையை ஆராய்பவர். அவர் ஈஸ்ட்டினுள் செலுத்திய டி.என்.ஏ. துண்டுகள் விரைவில் சிதைந்துவந்தன. குளத்து உயிரியின் நுனியை அத்துண்டுகளோடு இணைத்துச் செலுத்தினால் என்னாகும் என்று இருவரும் எண்ணினர். செய்து பார்த்தனர், துண்டுகள் சிதையாமல் நிலைத்தன. ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான இரு உயிரினங்களிலும் ஒரே காப்பு செயற்பட்டது. 1982-இல் வெளியான இம்முடிவு, டெலோமியர் உயிருலகின் மிகப் பழைய ஏற்பாடுகளுள் ஒன்று என்பதைக் காட்டிற்று.

நுனி குறைந்துகொண்டே போகுமெனில், தலைமுறை தலைமுறையாக உயிர்கள் எவ்வாறு நிலைக்கின்றன? குறைந்ததை நிரப்பும் நொதி ஒன்று இருக்க வேண்டும். அதனைத் தேடும் பணியை பெர்க்லியில் பிளாக்பர்னின் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த கரோல் கிரைடர் ஏற்றார். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஆய்வகம் சென்ற கிரைடர், தம் சோதனையின் படத்தில் ஆறாறு எழுத்துகளாக நுனி நீண்டிருந்ததற்கான அடையாளத்தைக் கண்டார். அந்நொதிக்கு "டெலோமரேஸ்" என்று பெயரிட்டனர். இவ்வாய்வு 1985-இல் வெளியாயிற்று. பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டக் மூவருக்கும் 2009-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இருபுறமும் கூர்மையான கத்தி

நம் உடலில் கருவணுக்களிலும் சில மூல உயிரணுக்களிலும் டெலோமரேஸ் செயற்படுகிறது. ஏனைய பெரும்பாலான உயிரணுக்களில் அது ஏறக்குறைய அடங்கியே உள்ளது. எனவே வயது ஏற ஏற இரத்த அணுக்களில் டெலோமியர் பொதுவாகக் குறுகுகிறது. 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இயல்பான மனித உயிரணுக்களில் இந்நொதியைச் செயற்படச் செய்தபோது, அவை ஹேஃப்லிக் வரம்பைக் கடந்தும் பிரிந்தன.

இதனைப் படிப்பவர் உள்ளத்தில், "அந்நொதியை மருந்தாக உட்கொண்டால் முதுமையை வென்றுவிடலாமே" என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். புற்றுக் கட்டிகளுள் 85 முதல் 90 விழுக்காட்டில் டெலோமரேஸ் மீண்டும் விழித்தெழுந்து செயற்படுகிறது. வரம்பின்றிப் பெருகுவதற்குப் புற்றணு கையாளும் வழிகளுள் இது முதன்மையானது. இயல்பான உயிரணு ஒரு கட்டத்தில் பிரிவதை நிறுத்திக்கொள்வது குறைபாடு மட்டுமன்று. புற்றுக்கு எதிரான காவலும் ஆகும். மரபு வழியில் டெலோமியர் நீளமாக அமைந்தவர்களுக்குச் சில வகைப் புற்றுநோய்களின் வாய்ப்பு கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மறுபுறம், பிறவி மரபணுக் குறையால் டெலோமியர் மிகக் குறுகிப்போகும் நோய்களும் உள்ளன. எலும்பு மஜ்ஜை போதிய இரத்த அணுக்களை ஆக்க இயலாமற்போதல், நுரையீரல் தழும்பேறி விறைத்தல் முதலியன இதனால் விளையலாம். ஆகவே நீளம் என்றால் நன்மை, குறுக்கம் என்றால் தீமை என்று எளிதாகக் கூறிவிட இயலாது.

இவ்வறிவு சிகிச்சைக்கும் பயன்படத் தொடங்கியுள்ளது. டெலோமரேஸைத் தடுக்கும் "இமெடெல்ஸ்டாட்" என்னும் மருந்து, எலும்பு மஜ்ஜையின் ஒரு வகைக் கோளாறால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ள நேரும் நோயாளிகளுள் குறிப்பிட்ட சிலருக்கென 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்து நுனியை நீட்டுவதற்கு உரியதன்று. நீட்டும் நொதியைத் தடுப்பதற்கு உரியது என்பது கருதத்தக்கது.

உடனிருப்போரைப் பற்றிய ஆய்வு

இனி, நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவில் உளவியலாளர் எலிசா எபெல், பிளாக்பர்னுடன் இணைந்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் பங்கேற்றவர்கள் 58 தாய்மார். அவர்களுள் 39 பேர் நீண்டகால நோயுற்ற தம் குழந்தையைப் பராமரித்து வந்தவர்கள். 19 பேரின் குழந்தைகள் நலமாக இருந்தனர். இவர்களின் இரத்த வெள்ளையணுக்களில் டெலோமியரின் நீளம் அளக்கப்பட்டது. மனச்சுமையைத் தாங்கள் எவ்வளவு உணர்கிறார்கள் என்பதும் வினாத்தாள் வழியே பதியப்பட்டது.

முடிவுகள் மூன்று. முதலாவது, இரு குழுவினரின் சராசரி நீளத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாவது, பராமரிக்கும் தாய்மாருள், பராமரிப்பில் கழிந்த ஆண்டுகள் கூடக் கூட டெலோமியர் குறுகியிருந்தது. மூன்றாவது, எக்குழுவைச் சேர்ந்தவராயினும், மனச்சுமையை மிகுதியாக உணர்ந்தோரின் டெலோமியர், குறைவாக உணர்ந்தோருடையதைவிடப் பத்தாண்டு மூப்புக்கு ஈடான அளவேனும் குறுகியிருந்தது.

முதல் முடிவை நாம் மறந்துவிடலாகாது. நோயுற்ற குழந்தையின் தாய் என்ற ஒரே காரணத்தால் எவருடைய உயிரணுவும் முதுமையடைந்துவிடவில்லை. ஒரே வகைப் பொறுப்பைச் சுமந்த தாய்மாரிடையேயும் வேறுபாடு இருந்தது. சுமை எத்தனை ஆண்டுகள் நீண்டது, அது எவ்வளவு பாரமாக உணரப்பட்டது என்பனவற்றோடு அவ்வேறுபாடு இணைந்து நின்றது. பாரம் உணரப்படும் அளவோ தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. தோள் கொடுப்பார் உளரா, உறங்க நேரம் கிடைக்கிறதா, செலவுக்கு வழி உண்டா என்பனவும் அதில் அடங்கும்.

இவ்வாய்வின் எல்லையையும் கூறுவது நம் கடமை. பங்கேற்றோர் 58 பேரே. அளவீடு ஒரு முறையே நிகழ்ந்தது. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு செய்ய இயலாது. எனவே, "கவலைப்பட்டதால் என் ஆயுளில் பத்தாண்டு போய்விட்டது" என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. உணரப்படும் மனச்சுமைக்கும் உடலின் நுண்ணிய அளவைகளுக்கும் தொடர்பு இருக்கலாம். ஆகவே உடனிருப்போரின் களைப்பை வெறும் "மனக்குறை" என்று ஒதுக்குதல் தகாது. இவ்வளவே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பொருள்.

வணிக விளம்பரங்களைக் குறித்து

டெலோமியரை நீட்டி இளமையை மீட்பதாகக் கூறும் மாத்திரைகளும், "உண்மையான உடல் வயதை" அறிவிப்பதாகக் கூறும் பரிசோதனைகளும் விற்பனையில் உள்ளன. அத்தகைய மாத்திரை எதுவும் மனிதரின் ஆயுளை நீட்டும் என்று நிறுவப்படவில்லை. ஒரே வயதினரிடையே டெலோமியர் நீளம் இயல்பாகவே பெரிதும் வேறுபடும். அளக்கும் முறைக்கேற்பவும் மாறும். மேற்கூறிய பரம்பரை நோய்கள் உள்ளனவோ என்று மருத்துவர் ஐயுறும்போது இப்பரிசோதனைக்குப் பயனுண்டு. மற்றபடி, சிகிச்சைக்கென வைத்திருக்கும் பணத்தை இவற்றில் செலவிடுதல் வேண்டா. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், மருத்துவரைக் கேளாமல் இத்தகைய எதனையும் உட்கொள்ளலாகாது.

வாழ்க்கை முறை மாற்றத்தால் டெலோமியர் நீளுமா என்பதையும் ஆராய்ந்துள்ளனர். தொடக்க நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 35 ஆண்களிடம் டீன் ஆர்னிஷும் பிளாக்பர்ன் உள்ளிட்டோரும் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. தாவர உணவு, நடைப்பயிற்சி, மன அமைதிப் பயிற்சி, குழு ஆதரவு ஆகியவற்றை ஐந்தாண்டுகள் மேற்கொண்ட 10 பேரிடம் நீளம் சற்றுக் கூடியிருந்தது. நம்பிக்கை தரும் செய்தியே எனினும், பத்துப் பேரைக் கொண்டு உலகுக்கு விதி வகுக்க இயலாது. நடைப்பயிற்சியும் நல்லுணவும் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் நன்மை தருவன என்பதற்கோ உறுதியான சான்றுகள் உள்ளன. அக்காரணமே அவற்றை மேற்கொள்ளப் போதுமானது.

உடனிருப்போர் செய்யத்தக்கன

1. நோயாளியின் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் தங்களுக்கென ஒதுக்குங்கள். உறங்கிய நேரம், உண்ட வேளைகள், தாங்கள் உட்கொள்ள வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள்.

2. தங்களுக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ இருப்பின், நோயாளியோடு மருத்துவமனைக்கு வரும் நாளிலேயே தங்கள் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள்.

3. இரவு விழித்திருக்கும் பொறுப்பைக் குடும்பத்தினர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். "ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று கேட்கும் உறவினரிடம், "வேண்டா" என்று கூறாமல், "வியாழன் இரவு நீங்கள் இருங்கள்" என்று நாளும் பணியும் குறித்துக் கேளுங்கள்.

4. வாரத்தில் மொத்தம் 150 நிமிடம் விரைந்து நடப்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. ஒரே வேளையில் இயலாதெனில், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

5. புகைப்பழக்கம் இருப்பின் அதனை விடுவதற்கு மருத்துவரின் துணையை நாடுங்கள்.

6. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் நாட்டமின்மை தொடருமாயின், நோயாளியைக் காணும் மருத்துவரிடமே அதனைக் கூறுங்கள். இந்தியாவில் 14416 என்னும் எண்ணில் "டெலி மானஸ்" என்ற அரசு மனநலச் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல். தங்கள் பொருட்டுப் பிறர் துன்புறுகிறார்களே என்று தாங்கள் வருந்துவது இயற்கை. அவ்வருத்தத்தை உள்ளேயே அடக்கிக்கொள்ளுதல் வேண்டா. "இன்று நீங்கள் வீட்டுக்குச் சென்று உறங்குங்கள்; அண்ணன் என்னோடு இருக்கட்டும்" என்று தாங்கள் கூறும் ஒரு சொல், மருத்துவர் கூறும் பத்து அறிவுரைகளினும் வலிமையுடையது. படுக்கையில் இருப்பவரும் இவ்வாறு தம்மைக் காப்பவரைக் காக்க முடியும்.

உயிரணுவின் மூப்பை முற்றிலும் நிறுத்தும் வழியை இவ்வறிவியல் இன்னும் காட்டவில்லை. உடல் வரம்பற்ற கருவூலம் அன்று என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டியிருக்கிறது. அது நோயாளியின் உடலுக்கு எவ்வளவு உண்மையோ, அவரருகே நாற்காலியில் அமர்ந்து இரவைக் கழிப்பவரின் உடலுக்கும் அவ்வளவே உண்மை. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, நோயாளியைப் பற்றிய வினாக்களோடு தங்கள் நலனைப் பற்றிய ஒரு வினாவையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அதற்கும் விடையளிக்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.